சொர்ணம் போடாத கையெழுத்து

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இங்க நீங்க ஒரு கையெழுத்து, கீழ உங்க வீட்டுக்காரர் ஒண்ணு" என்று முகப்பேர் தனியார் மருத்துவமனைக் கவுண்டரில் நிவேதிதா படிவத்தை நீட்டினாள்.

சொர்ணத்துக்கு வயது முப்பத்தெட்டு. மூன்று மாதமாக உதிரப்போக்கு. டாக்டர் ஐந்தே நிமிடத்தில் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பே அவள் கணவனின் கம்பெனி இன்சூரன்ஸ் அட்டையை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது. நோயைப் பார்ப்பதற்கு முன் அட்டையைப் பார்க்கிற வைத்தியம் இது!

கணவன் செல்வகுமார் பேனாவை எடுத்தான். டாக்டர் சொன்னால் அவனுக்குத் தெய்வம் சொன்ன மாதிரி.

சொர்ணம் பேனாவைப் பிடுங்கினாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட் செய்கிற கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை பார்ப்பவள் அவள்.

"எங்க கம்பெனில மிஷின்ல பீஸ் ஓட்டுன ஆளே அத்த பாஸ் பண்ண முடியாதும்மா. வேற ஆள் அளந்து பாக்கணும். ஒரு போல்ட்டுக்கே அப்டின்னா, எங் கர்ப்பப்பைக்கு இல்லியா? ரிப்போர்ட்ட குடு, வேற டாக்டராண்ட காட்டிகினு வரேன்."

"ஆபரேஷன் முடிஞ்சப்புறம்தான் ரிப்போர்ட் தருவோம், மேடம்."

"எல்லாரும் பாக்கறாங்க, வா சொர்ணம்" என்று செல்வகுமார் கையைப் பிடித்து இழுத்தான்.

"பாக்கட்டுமே! ஒடம்பு என்னுது, ரிப்போர்ட்டும் என்னுது. வாங்காம நவுர மாட்டேன்."

கவுண்டருக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காத்திருந்த பெண்கள் தங்கள் கையிலிருந்த படிவங்களை அப்போதுதான் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து மிரண்ட மேனேஜர், ரிப்போர்ட்டைக் கொடுத்தனுப்பச் சொன்னார்.

மறுநாள் எழும்பூர் அரசு மருத்துவமனையில் கூட்டமான கூட்டம். கால் கடுக்க நின்றாள். அங்கிருந்த பெண் டாக்டர் மறுபடியும் பரிசோதித்து, சின்னக் கட்டிதான், மாத்திரையிலேயே கட்டுப்படுத்தலாம், இப்போது ஆபரேஷன் தேவையில்லை என்றார். செல்வகுமார் பக்கத்தில் தலை குனிந்து நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை நிவேதிதா போன் செய்தாள்.

"ஏன் மேடம், அட்மிஷனுக்கு வரல?"

"மாத்திரைலயே சரியாப் பூடும்னு சொல்லிட்டாங்க. உங்க ஆஸ்பத்திரியே வேணாம்னு சொல்லலம்மா. இத்தினி ஜனத்துக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மட்டும் பத்தாது, நீங்களும் வேணும். ஆனா வாயத் தொறக்காத நோயாளிதான் வேணும்னா, அது வைத்தியம் இல்ல, யாவாரம். உங்க டாக்டராண்ட சொல்லு, இனிமே நாங்க கேள்வி கேட்டுட்டுத்தான் கையெழுத்து போடுவோம்."