ஒரு மாதத் தீர்ப்பு

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் இரண்டு உண்டு. வரிசையை மீறிச் சவாரி ஏற்றினால் அன்றைக்கு மட்டும் வண்டி ஸ்டாண்டில் நிற்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டினால் ஒரு மாதம் நிற்கக் கூடாது. தீர்ப்புச் சொல்பவர் தலைவர் வைத்திலிங்கம். அவர் சொன்னதற்கு அப்பீல் கிடையாது.

சித்திரையில் தங்கராசு குடித்துவிட்டு வந்து நின்றான். மகளுக்குக் காதுகுத்து வருகிறது, இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று காலில் விழுந்து அழுதான். வைத்திலிங்கத்துக்கு மனசு இளகிவிட்டது. திட்டியதோடு சரி. அடுத்த வாரமே புவனகிரிச் சாலையில் போதையில் வண்டியைக் கவிழ்த்தான். உள்ளே இருந்த மாரியம்மாள் என்ற கீரைக்காரிக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவளைப் பார்க்க வைத்திலிங்கம் ஆஸ்பத்திரி வாசல்வரை போனார். உள்ளே போகவில்லை.

ஸ்டாண்டில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பழனிவேல் மட்டும் டீயை ஊதிக்கொண்டே, "நம்ம தலைவரு மனசு வெண்ணெய்யா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு காதில் இருக்கும்போதுதான் அறிவழகன் மாட்டினான். மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு குடும்பத்தை வரிசை மீறி ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"ஒரு மாசம்" என்றார் வைத்திலிங்கம்.

"மாமா, அது குடிச்சவனுக்கு இல்ல?"

"ஒரு மாசம்னா ஒரு மாசம்தான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுதான் வீட்டுக்குப் போனபின் அவரை உறுத்தியது.

சில நாள் பொறுத்து அறிவழகன் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி இலக்கியா வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்கே வண்டிய எடுக்கச் சொல்லும்மா."

"எந்த வண்டிய மாமா? சும்மா நிக்குதுன்னு ஓனரு வேற ஆளுக்கு வாடகைக்கு உட்டுட்டாரு. இவரு கடலூர்ப் பக்கம் குடிகாட்டுல கெமிக்கல் கம்பெனிக்கு கான்ட்ராக்ட்ல போறாரு. சாயந்திரம் வந்தா கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."



"என் வண்டிய ஓட்டட்டும்" என்றார் வைத்திலிங்கம்.

"அப்ப அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னாருன்னு ஸ்டாண்டுல கேப்பாங்களே?"

"தங்கராசுக்குக் குடுக்க வேண்டியத இவனுக்குக் குடுத்துட்டேன்னு சொல்றேன்."

இலக்கியா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அத அவருகிட்டச் சொல்லுங்க. கம்பெனி வேன் வர நேரந்தான்."

நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. வைத்திலிங்கம் உட்கார்ந்தார்.