முதுகில் அருவி

விடியற்காலையில் எங்கள் தண்ணீர்க் கம்பெனிக்குள் முதலில் கேட்பது, காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்தான். பாட்டில் மூட்டைகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து தொட்டியில் கொட்டுவோம். கனம் இருக்காது. ஆனால் மூட்டை ஆள் அகலத்துக்குப் பருத்திருப்பதால் முன்னால் இருப்பது தெரியாது. ஈரத் தரையைக் காலால் தடவித் தடவி நடக்க வேண்டும். கொட்டி முடித்ததும் பெல்ட் ஓடத் தொடங்கும். அதன்பிறகு யாருக்கும் பேச்சு வராது.

என் இடம் வெளிச்சப் பலகை. பெரிய வெள்ளை விளக்குக்கு முன்னால் நிரம்பிய பாட்டில்கள் வரிசையாக நகரும். தூசி, முடி, நூல், எது மிதந்தாலும் எடுத்து ஒதுக்குவேன். சந்தேகமாக இருந்தால் கவிழ்த்துப் பார்ப்பேன். போகப் போகக் கண்ணுக்குள்ளேயே தூசி மிதக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்குப் போனால் என் மகளின் முகத்திலும் அது மிதக்கும்.

முன்பு சுவரோரம் எங்களுக்கென்று ஒரு குழாய் இருந்தது. வெயில் ஏறி விற்பனை கூடியபோது பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார்கள். நாங்கள் குழாயடிக்குப் போய்வரும் நேரம் முதலாளியின் கண்ணை உறுத்தியது. ஒரு நாள் காலையில் வந்தால் குழாயைக் காணோம். அந்த இடத்தில் இரும்பு மூடி ஒன்றைத் திருகியிருந்தார்கள். வீட்டிலிருந்தும் கொண்டுவர முடியாது. வெளித் தண்ணீர் உள்ளே வந்தால் சுத்தம் கெடுமாம்.

“வேணும்னா வாசல் கடையில வாங்கிக் குடிங்க,” என்றார் முதலாளி. “ஊரே நம்ம தண்ணிய வாங்கித்தான் குடிக்குது. நீங்க என்ன வானத்துலேருந்து குதிச்சவங்களா?”

மூடி போடும் இயந்திரத்தில் நிற்பவரை மூடியண்ணன் என்போம். அவர் தணிந்த குரலில் சொன்னார்: “முன்னாடி சர்க்கரை ஆலையில இருந்தேன். அங்கயாவது நக்கிப் பாக்க விட்டாங்க.”

சிரித்தோம். தொண்டை வறண்டால் சிரிப்புக்குச் சத்தம் வராது.

என் நாத்தனாரும் அங்கேதான் வேலை செய்கிறாள். சூட்டறையில். பாட்டில் கட்டுகளைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அடுப்புப் போன்ற ஒரு கூண்டுக்குள் தள்ளினால் தாள் சுருங்கி இறுகி மறுபக்கம் வரும். அந்தக் கூண்டின் வாயில் நிற்கிறவள் அவள்.

ஒரு நாள் விடியும் முன் இருட்டில் வேலைக்குச் சேர்ந்து நடந்து வரும்போது கேட்டாள்: “அண்ணி, நம்ம வீட்டுக்கும் கேன் போட்டுடலாமா? கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, வடிகட்டி… முடியல அண்ணி.”

“பாக்கலாம்.”

“நீங்க பாக்கலாம்னா வேணாம்னு அர்த்தம்.”

வாங்குகிறவர்களை நான் குறை சொன்னதில்லை. பஸ்ஸில் மகள் தாகத்தில் அழுதபோது நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் விளக்கின் முன் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நினைப்பு வரும்: தெருக்குழாய் ஒழுங்காக ஓடி, அதை நம்பிக் குடிக்கலாம் என்றிருந்தால், இந்தப் பாட்டில்களில் எத்தனை இங்கிருந்து நகரும்? இதைச் சொன்னால் நம் பிழைப்பு என்னாகும் என்று கேட்பாள்.

அன்று மதியத்துக்குச் சற்று முன் சூட்டறையிலிருந்து ஒரு அலறல். ஓடினேன். நாத்தனார் மயங்கிச் சரிந்து கிடந்தாள். விழும்போது முழங்கை கூண்டின் விளிம்பில் பட்டுத் தோல் வழன்றிருந்தது. உதடு வெளுத்து வெடித்திருந்தது.

“தண்ணி, தண்ணி,” என்றார்கள்.

எங்களைச் சுற்றிக் கூரை வரைக்கும் தண்ணீர் அடுக்கியிருந்தது. யாருடைய கையும் நீளவில்லை. அந்தத் தயக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பெல்ட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகியபோது வளையம் உடையும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

முகத்தில் தெளித்து உதட்டில் ஊற்றினேன். அவள் கண் திறப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

“யாரைக் கேட்டு உடைச்சே?”

“மயங்கி விழுந்துட்டா, முதலாளி.”

“சாப்பிடாம வந்தா மயக்கம் வரத்தான் செய்யும். மேல வந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“கேட்டுட்டு வர்ற வரைக்கும் இவ இருக்கணுமே.”

“வாய் வேற. இன்னைக்கு நீ ஒண்ணு உடைப்பே, நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு உடைப்பீங்க. இதுக்குப் பேரு திருட்டு. கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு. இனிமே வர வேணாம்.”

எங்கள் நீலக் கோட்டின் முதுகில் கம்பெனி பெயரும் ஓர் அருவிப் படமும் இருக்கும். அப்படி ஒரு அருவியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முதல் பொத்தானில் கை வைத்தேன். வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக்கூடமும் அந்தப் பொத்தானில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

“கழட்டாதீங்க அண்ணி,” என்றாள் நாத்தனார், தரையில் கிடந்தபடியே.

சட்டென்று ஏதோ ஒரு சத்தம் குறைந்தது போலிருந்தது. பெல்ட் நின்றிருந்தது. மூடியண்ணனின் கை இன்னும் அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மேலேயே இருந்தது.

“என்னய்யா பண்றே?”

“தண்ணி குடிக்கப் போறோம், முதலாளி. நா வறண்டுபோச்சு.”

“எங்க போய்க் குடிப்பே?”

“எதிர்ல. பஸ் நிலையத்துக் குழாய்ல.”

முதலாளி சிரித்தார். “போங்க. அந்தக் குழாய்த் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்துக் கிடங்க.” பிறகு சிரிப்பு நின்றது. கதவு வழியே பஸ் நிலையமும் வாசல் கடையும் வரிசையாகத் தொங்கிய எங்கள் பாட்டில்களும் தெரிந்தன. “இந்தக் கோட்டோட அங்க போகாதீங்க. கழட்டி வெச்சிட்டுப் போங்க,” என்றார்.

யாரும் அசையவில்லை.

“இந்தம்மா மட்டும் தனியா கழட்டாது,” என்றார் மூடியண்ணன். “கழட்டினா எல்லாருமாத்தான். இப்போ கழட்டற மாதிரி இல்ல.”

நாத்தனாரைத் தாங்கிப் பிடித்தபடி சாலையைக் கடந்தோம். குழாய் துருப்பிடித்திருந்தது. முதலில் இருமியது, பிறகு ஓடியது. அவளுடைய கையைத்தான் முதலில் அதன் கீழே காட்டினோம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, கையேந்திக் குடித்தோம். குனிந்த முதுகுகளில் அருவி வரிசையாக நின்றது. பஸ் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

பயணப் பையோடு நின்ற ஒரு பெரியவர் கிட்டே வந்தார். அவர் கையில் எங்கள் காலி பாட்டில். “ஏம்மா, நீங்க அந்தக் கம்பெனிதானே? நீங்களே இதைக் குடிக்கிறீங்க?”

“அதை உடைச்சு, மயங்கி விழுந்த இவளுக்குக் குடுத்ததுக்குத்தாங்க என்னை வேலையை விட்டு அனுப்பறாங்க.”

அவர் யோசித்தார். “அப்போ எதுதான் நல்ல தண்ணி?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “பாட்டில்ல இருக்கறது சுத்தம்தான். நான்தான் பாத்து அனுப்பறேன். குழாய்த் தண்ணியை வீட்ல கொதிக்க வெச்சுக் குடிப்போம். இன்னைக்கு அதுக்கு வழியில்ல.”

அவர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். “ரொப்புங்க. முதல்ல அந்தப் பொண்ணுக்குக் குடுங்க.”

நிரப்பிக்கொண்டிருக்கும்போது கம்பெனி மேற்பார்வையாளர் சாலையைக் கடந்து வந்தார். வேகமாக வந்தவர், வரிசையைக் கண்டதும் மெதுவாக நடந்தார்.

“முதலாளி பேசலாம்னு கூப்பிடறாரு.”

“யாரை?” என்றார் மூடியண்ணன்.

“இந்தம்மாவை மட்டும்.”

“எல்லாருக்கும்தானே குழாயைப் புடுங்கினாரு? எல்லாருமா வர்றோம்னு சொல்லுங்க. இன்னும் பாதிப் பேரு குடிக்கல.”

மேற்பார்வையாளர் போகாமல் நின்றார். அவருடைய உதடும் காய்ந்துதான் இருந்தது.

பாட்டில் நிரம்பியது. பழக்கத்தில் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஒரு தூசி மெல்லச் சுழன்று இறங்கியது. அது தண்ணீரில் இருக்கிறதா, என் கண்ணில் இருக்கிறதா என்று தெரியவில்லை. நாத்தனாரிடம் கொடுத்தேன். அவள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அடுத்தவளிடம் நீட்டினாள்.