பன்னிரண்டாவது வாட்ச்

கரையான்சாவடியில் கஜபதி வீட்டுக்குப் போனவர்கள் தண்ணீர் குடிக்காமல் திரும்பியிருக்கலாம். வாட்ச் பார்க்காமல் திரும்பியதில்லை. ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் மனைவி நாகவல்லியின் பழைய பட்டு ரவிக்கையை விரித்து, பதினொரு கைக்கடிகாரங்களைப் படுக்க வைத்திருந்தார். காலையில் பல் துலக்கியதும் ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுப்பார். அந்த நேரத்தில் கூரை பற்றி எரிந்தாலும் திரும்ப மாட்டார். கையில் கட்டிக்கொள்வாரா என்றால், அதுதான் இல்லை. பஸ்ஸில் யாராவது மணி கேட்டால் பக்கத்து ஆளின் கையை எட்டிப் பார்த்துச் சொல்வார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், பூந்தமல்லி ஜமீலா வீட்டில் ஒரு வாட்ச் இருப்பது அவர் காதில் விழுந்தது. ஜமீலாவின் காலமான கணவர் கப்பலில் சமையல்காரர். கேப்டன் ஒருவர் அவருக்குப் பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போனதாம். சுவிஸ் வாட்ச், கறுப்பு முகம். மொத்தமே முந்நூறுதான் செய்தார்களாம். பின்மூடியில் நூற்றுப்பதினாலு என்று எண் பொறித்திருந்தது. கம்பெனியின் பெயர் தெருவில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அதற்காகப் பேசாமல் இருந்தார்களா என்ன?

ஆறு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தார் கஜபதி. நாகவல்லிக்கு மிக்ஸி வாங்குவதாகச் சொல்லி வைத்திருந்த போனஸ் முழுவதையும் நீட்டினார். ஜமீலாவுக்கு விலை ஒரு பொருட்டாக இல்லை. வாங்கி என்ன செய்வாய் என்றுதான் கேட்டாள். கஜபதி டப்பாவைப் பற்றிப் பெருமையாக விவரித்தார். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"டப்பாவுல போடவா தம்பி? சும்மா கெடக்கறதுக்கு என் அலமாரி போதாதா? அவரு ஒரு நாளும் அத கழட்டினதில்ல. கட்டிக்கினு திரியறதா இருந்தா எடுத்துக்கினு போ. பத்தாம் நாள் கொண்டாந்து காட்டு. கட்டலேன்னு தெரிஞ்சுது, வாட்ச்சு எனக்கு, பணம் உனக்கு."

கட்டினார். மாவுக்கட்டு போட்ட கையைப்போல இடது கையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அன்று யாரும் கேட்காமலே மூன்று பேருக்கு மணி சொன்னதாகக் கேள்வி.

வேலை திருமழிசை எஸ்டேட்டில், இரும்பு இழைக்கும் மிஷினில். காந்தப் பலகைமேல் இரும்புத் துண்டை வைத்து சுவிட்சைப் போட்டால் பலகை அதைக் கவ்விக்கொள்ளும். மேலே சாணைக்கல் ஓடி மயிரிழை கனத்துக்கு இழைக்கும். பதினெட்டு வருஷமாக அதே பலகை. இத்தனை வருஷமும் வெறுங்கையோடு வேலை பார்த்தவரிடம், வாட்சைக் கழற்றிவிட்டு வா என்று சொல்ல யாருக்கும் அவசியமே வந்ததில்லை.

நாலாம் நாள் வாட்ச் பன்னிரண்டு நிமிஷம் முன்னால் ஓடியது. ஆறாம் நாள் அரைமணி. பக்கத்து மிஷின்காரன் துலுக்கானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தான்.

"இன்னா மாமே, நாளைக்கு மணிய இன்னிக்கே காட்டுது? டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டாங்க உனக்கு."

அன்று விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்க ஜமீலா ஏமாற்றுக்காரி ஆகிவிட்டாள். அவளைப் பார்த்தேயிராதவர்கள்தான் அவள் முழியே சரியில்லை என்று சொன்னார்கள். நாகவல்லி மட்டும் அம்மியை வழக்கத்தைவிடச் சத்தமாக இழுத்தாள். கஜபதிக்கோ, அது போலி என்று நம்பவும் முடியவில்லை, பன்னிரண்டாவதை விடவும் மனமில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. வாட்சைத் திருப்பித் தரப் போனார். அது முன்னால் முன்னால் ஓடுவதை அவர் மென்று விழுங்கிச் சொல்ல, ஜமீலா சண்டை போடவில்லை. வாங்கி, அலமாரியில் அதன் பழைய இடத்திலேயே வைத்தாள். பக்கத்தில் தொழுகைத் திசை பார்க்கும் சின்ன காம்பஸ். அதன் முள் துடித்து, வாட்ச் பக்கம் திரும்பி நின்றது.

"இது இன்னா அதிசயம்? ரெண்டு வருஷமா ரெண்டும் ஒண்ணாத்தான் கெடந்துச்சு. முள்ளு அசைஞ்சதே இல்லியே."

இரும்போடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. காந்தப் பலகையருகே போய்ப் போய், உள்ளே இருக்கும் மயிர்போன்ற சுருளில் காந்தம் ஏறி, சுற்றுகள் ஒட்டிக்கொண்டு வாட்ச் அவசரமாக ஓடியிருக்கிறது.

"பாயம்மா, தப்பு வாட்ச்சுல இல்ல. என் கையிலதான் கீது" என்றார்.

அப்படியானால் அது இங்கேயே இருக்கட்டும் என்றாள் அவள். பத்தாம் நாள் இன்னும் முடியவில்லையே என்று கஜபதி கெஞ்சி, நாளை மாலைவரை அவகாசம் வாங்கினார்.

காந்தம் ஏற்றும் இடத்தில் இறக்கவும் வழி உண்டு. இழைத்த துண்டில் இரும்புத்தூள் ஒட்டாமலிருக்க, கரண்டில் ஓடும் ஒரு பெட்டிமேல் அதைத் தடவி, மெல்ல மெல்லத் தூக்கி விலக்குவார்கள். ஆயிரக்கணக்கான துண்டுகளை அப்படி விலக்கிய கை, திங்கட்கிழமை மத்தியானம் வாட்சையும் பெட்டிமேல் தடவி மெல்ல விலக்கியது. சிரிக்கத் தயாராக நின்ற துலுக்கானமும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தான். சாயங்காலம்வரை மிஷினுக்கு எட்டத்தில் வைத்திருந்து பார்த்ததில், அரை நிமிஷம்கூட முன்னே ஓடவில்லை.

போனஸைத் தின்ற வாட்சின் வீட்டைத் தானும் பார்க்கவேண்டும் என்று நாகவல்லியும் கூடவே பூந்தமல்லிக்குப் புறப்பட்டாள். அலமாரியில் வைத்தார்கள். முள் அசையவில்லை. ஜமீலாவின் முகம் தெளிந்தது. ஆனால் பேச்சு பேச்சுதான்.

"மிஷின்கிட்ட போறப்ப கழட்டித்தானே ஆவணும்? பகலெல்லாம் யாரு கட்டுவா?"

கஜபதி வாயைத் திறப்பதற்குள் நாகவல்லி வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள். ஜமீலா தன் கையாலேயே கட்டிவிட்டாள். வாருக்கு இன்னும் இரண்டு ஓட்டை போடவேண்டியிருந்தது.

ஏற்பாடு இதுதான்: காலை எட்டு மணிக்கு நாகவல்லி கைக்கு, சாயங்காலம் ஐந்துக்கு அவர் கைக்கு. காலை ஏற்பாடு ஒரு நாளும் தவறியதில்லை. சாயங்கால ஏற்பாட்டைப் பற்றித் தெருவில் இரண்டுவிதமாகப் பேசுகிறார்கள். டப்பாவில் பட்டுத்துணியின் பன்னிரண்டாவது இடம் இன்னும் காலி. வேலை முடிந்து வரும் கஜபதி, முகம் கழுவிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல மணி என்ன என்று கேட்கிறார்.

நாகவல்லி முழங்கையை மடக்கி, நிதானமாகப் பார்க்கிறாள்.

"அஞ்சு பத்து. குந்து, டீ போடறேன்."