ஒழுகும் கோப்பை

லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டையில், இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில், தினமும் காலையில் ஒரு சொட்டு காபி விழுந்தது. முந்தின நாள் விழுந்த இடத்திலேயே மறுநாளும், குறி பார்த்து அடித்தாற்போல.

எந்த மாடியில் லிஃப்ட் ஏன் முக்குகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர். ஒரு காகிதக் கோப்பை ஏன் ஒழுகுகிறது என்று மட்டும் ஒரு மாதமாகப் பிடிபடவில்லை.

"வாய்ல ஓட்டையா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "இன்னைக்கு இன்டர்வியூ. இருக்கிறதே ஒரு வெள்ளைச் சட்டை. அதுலயும் பொட்டு வச்சுக்கிட்டுப் போனீங்க, சூப்பர்வைசர் வேலையை வேற எவனாவது தட்டிக்கிட்டுப் போயிடுவான்."

காபியே வேண்டாம் என்று இருக்கலாம்தான். அது உள்ளே இறங்காமல் அவருக்கு வார்த்தை வெளியே வராது.

ஆபீஸுக்குக் கீழேயே காபிக் கடை. உட்கார வழியில்லை. ஒரே ஒரு கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு லேப்டாப்போடு குடித்தனம் நடத்துகிறவர்கள் எல்லா நாற்காலியையும் பிடித்திருந்தார்கள். எந்தப் பால், எவ்வளவு நுரை, என்ன பெயர் என்ற விசாரணையெல்லாம் முடிந்து, கோப்பையோடு ஓரமாக நின்றார். பக்கத்தில் மனைவியின் தம்பி. அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன்.

"ஒரே கடை, ஒரே கப். உனக்கு மட்டும் ஏன் மாப்ள ஒழுகல?"

"குடிக்கத் தெரியணும் மாமா."

இருவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். மச்சானுக்கு மூன்று பொட்டலம் சர்க்கரை, இவருக்குக் கிடையாது.

"சர்க்கரை போட்டா கெட்டியாகி ஒழுகாதோ?"

"அப்ப பசையைக் கரைச்சுக் குடிங்க!"

சிரித்தபடியே மச்சான் மூடியைத் திறந்தான், சர்க்கரையைக் கொட்டினான், மறுபடி கண்டமேனிக்கு அழுத்தினான். மெக்கானிக் அதையே பார்த்தார். இவர் மூடியைத் தொட்டதே இல்லை. கடைப் பெண் மூடிக் கொடுத்தது கொடுத்தபடி. அவளோ ஒவ்வொரு மூடியையும் திருப்பிப் பார்த்துத்தான் அழுத்துகிறாள்.

"ஏம்மா, என்ன பார்த்துப் பார்த்து மூடுற?"

"கம்பெனி ரூல் சார். நீங்க குடிக்கிறப்ப எதிர்ல நிக்கிறவங்களுக்கு எங்க கடைப் படம் தெரியணும். அதனால மூடியில இருக்கிற குடிக்கிற ஓட்டை, படத்துக்குப் பின்பக்கம்தான் வரணும்."

மூடியைக் கழற்றிக் கோப்பையின் பின்பக்கத்தைப் பார்த்தார். காகிதத்தை வளைத்து ஒட்டிய கோடு மேலிருந்து கீழே ஓடியது. விளிம்பை விரலால் தடவினார். எங்கும் வழவழவென்று வந்தது, அந்த ஒட்டில் மட்டும் இடறியது. அங்கே தாள் இரண்டு மடங்கு, மயிரிழை மேடு.

"கடைக்கு விளம்பரம், எனக்குக் கறையா!"

மூடியைப் பாதி சுற்றுத் திருப்பி அழுத்தினார்.

"சார், படம் மறையுதே!"

"என் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போகட்டும்மா."

கடைசி வாய்வரை குடித்தார். ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே மேலே போனது.

"சமீபத்துல நீங்க கண்டுபிடிச்ச பழுது ஒண்ணு சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

"காபி கப் சார். ஒட்டின இடத்துல விளிம்பு மேடு. அதுமேல மூடி சரியா உட்காராது, சந்து விழும். குடிக்கிற ஓட்டையும் அங்கேயே இருந்தா, சாய்ச்சதும் காபி அந்தச் சந்து வழியா ஒழுகும். மூடியைக் கழட்டி, ஓட்டையை ஒட்டுக்கு எதிர்ப்பக்கம் வச்சு, சுத்தி அழுத்திட்டா ஒழுகாது."