மலை சேராத கணக்கு

சமையலறைச் சுவரில் சகாதேவன் சிவப்புக் கோடு போட்டபோது ராணியம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மழைநீர்க் கால்வாய்க்கு அளவெடுக்க வந்த நகராட்சி ஓவர்சியர் அவன். கால்வாய் அந்தக் கோடு வரை வரும். அடுப்பு போகும். அதையொட்டிய பின்னறையும் போகும்.

எவ்வளவு அகலம் என்று கேட்டாள். ஐந்தடி என்றான்.

"தண்ணி போறதுக்கா சார், தேரு போறதுக்கா?"

அவன் சிரிக்கவில்லை. போளூரில் கட்டிக்கொடுத்த மகள் கஸ்தூரி முழுகாமல் இருக்கிறாள், பிரசவத்துக்கு வந்தால் வேறு அறை இல்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவளும் சிரிக்கவில்லை.

பெய்கிற மழையில் மண் குடித்தது போக மீதி எவ்வளவு ஓடி வரும் என்பதுதான் கணக்கு. தோட்டமும் வெற்றுமண்ணும் நிறையக் குடிக்கும். ஓட்டுக்கூரையும் சிமெண்டுத் தரையும் குடிக்காது. பாறையும் குடிக்காது. அந்தத் தெருவுக்கு மேலே மலைப்பாறைதான்.

எஞ்சினியர் சக்கரவர்த்தி எஸ்டிமேட்டைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. ஐந்தடி என்றால் ஒரு வரிசை வீடுகளை இடிக்க வேண்டும். ஜனங்கள் கோர்ட்டுக்குப் போவார்கள், அனுமதிக்குப் போன காகிதம் வேலூரிலிருந்து திரும்பி வரும், ஒரு கால்வாயும் வராது. டவுன் மேப்பை விரித்து மலையடிவாரத்தில் விரலை வைத்தார். டவுனின் எல்லை அங்கே முடிந்திருந்தது.

"நம்ம லிமிட் இதோட சரி. மேல ஃபாரஸ்ட்டு. அவங்க தண்ணிக்கு நாம எதுக்குய்யா கால்வாய் வெட்டணும்?"

தண்ணிக்கு லிமிட் தெரியாதே சார் என்றான் சகாதேவன்.

"அண்ணாமலையாரு பாத்துக்குவாரு."

சகாதேவன் மலையை விட்டுவிட்டுக் கணக்கைப் போட்டான். மூன்றடி வந்தது. பெருக்கலில் பிழை இல்லை. அடுப்பும் பின்னறையும் தப்பின என்று ராணியம்மாளிடம் தானே போய்ச் சொன்னான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். சைக்கிளில் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. பிறகு அந்த லேசுதான் அவனை உறுத்தியது.

கால்வாய் கட்டி முடிந்த பிறகு, ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தான். மலை தெரியவில்லை. நனைந்துகொண்டே தெருவுக்குப் போனான்.

கால்வாய் விளிம்பு வரை ஓடிக்கொண்டிருந்தது. ராணியம்மாள் வாசலுக்கு வந்தாள். பேரன் பிறந்திருக்கிறான் என்றாள். உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னாள்.

"கஸ்தூரியையும் கொழந்தையையும் வெளிய கூட்டிக்கினு வாங்க. இப்பவே."

"பச்ச ஒடம்புக்காரியவா? இந்த மழையிலயா? ஜன்னி கண்டுடும் சார்." அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க கட்டுன கால்வா. நீங்களே நம்பலன்னா எப்டி?"

"மலைய நான் கணக்குல சேக்கலம்மா."

அவளுக்குச் சிரிப்பு உடனே போகவில்லை.

"அம்மாம் பெரிய மலைய எப்டி சார் சேக்காம வுடுவீங்க?"

கால்வாயில் அதுவரை கறுப்பாக ஓடிய தண்ணீர் சிவந்தது. மலைப்புல் கற்றை கற்றையாகச் சுழன்று வந்தது. ராணியம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

சகாதேவன் செருப்போடு உள்ளே போனான். பின்னறையில் கஸ்தூரி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்நிய ஆணைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கால்வாயை ஒட்டிய அந்தச் சுவரின் அடியில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.