வலது கையில் முள்கரண்டி

ஆஸ்லோவில் ஒரு வாரப் பத்திரிகையில எனக்கு வேலை. அமெரிக்காக்காரன் பேப்பர்ல வர்ற படக்கதையை வாங்கி, பேச்சை மட்டும் அழிச்சுட்டு நார்வே மொழியில எழுதணும். குண்டுப் புருஷன், சிடுமூஞ்சிப் பொண்டாட்டி, வாராவாரம் கறிச் சாப்பாட்டு மேசையில சண்டை. யுத்தத்துல ஜெர்மன்காரன் பிடிச்சுவச்சிருந்த ஊரு, கறியைக் கண்ணால பார்த்தே மாசக்கணக்காச்சு, அந்தப் படத்துக்கு அடிச்சுக்கும்.

அமெரிக்காவும் யுத்தத்துல இறங்கினதும் படம் வர்றது நின்னுபோச்சு. எங்க ஓவியர் ஐலெர்ட் அதே சாயல்ல தானே வரைய ஆரம்பிச்சார். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. அப்புறம் ஜெர்மன்காரங்க தேடுறாங்கன்னு ஆள் காணாமப் போயிட்டார். "இனிமே நீ வரைம்மா அஸ்லாக்"ன்னார் ஆசிரியர். எனக்குப் பயமும் வரல, துக்கமும் வரல. கை பாட்டுக்கு வரைஞ்சுது.

அந்த வாரமே ஐலெர்ட் பொண்டாட்டி சிக்ரூன் கையும் பத்திரிகையுமா வந்தா.

"அக்கா, இது அவர் எங்கேயோ இருந்து குடுத்தனுப்புறதுதானே? படம் வர்ற வரைக்கும் ஆள் இருக்கார்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கோ"ன்னுட்டேன்.

அதுக்கப்புறம் வாராவாரம் அவருக்கு அனுப்பச் சொல்லி கம்பளிக் காலுறை பின்னிக் கொண்டுவருவா. என் மேசை இழுப்பறை நிறைஞ்சுபோச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறோம்னு தெரியும். வெட்கம்கூட மரத்துப்போச்சு.

ஒரு நாள் காலுறை இல்லாம வந்தா. கதவைச் சாத்திட்டு, புதுப் பத்திரிகையில குண்டன் மேல விரலை வச்சா. நான் வரைஞ்சதுல முள்கரண்டி கையோட வந்தது அதுதான் முதல் தடவை.

"இவன் முள்கரண்டியை எந்தக் கையில வச்சிருக்கான்?"

"இடது கையில. எல்லாரும் அப்படித்தானே சாப்பிடுறோம்."

"நாம சாப்பிடுறோம். அமெரிக்காக்காரன் கறியை வெட்டி முடிச்சதும் வலது கைக்கு மாத்திக்குவானாம். அவர் அதை ஒரு தடவைகூட மறந்ததில்ல. என்னை உட்கார வச்சு வலது கையில சாப்பிடச் சொல்லித்தான் வரைவார். உருளைக்கிழங்கு என் மடியில விழும். சிரிப்பார்." குண்டன் மேலிருந்து விரலை எடுக்கல. "எப்போலேர்ந்து நீங்க?"

"அவர் போன நாள்லேர்ந்தே."

"உயிரோட இருக்காரா?"

"தெரியாது சிக்ரூன். சத்தியமா தெரியாது."

ஒரு அறை விட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவ அழக்கூட இல்ல. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டா.

"அடுத்த வாரம் முள்கரண்டியை அவன் வலது கையில குடுத்துடுங்க அக்கா. அவரோட அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு உத்து உத்துப் பார்ப்பாங்க. மகன் கைன்னு படத்தைத் தடவுவாங்க. இந்த வாரப் பத்திரிகையை டிராம்ல தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டேன். இன்னொரு தடவை சொன்னா நம்பமாட்டாங்க."

என் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, முள்கரண்டியை அவகிட்ட நீட்டினேன்.

"உட்காரு."

வாங்கி வலது கையில பிடிச்சா. நான் பென்சிலை எடுத்தேன். உருளைக்கிழங்கு அவ மடியில விழுந்தது. ரெண்டு பேரும் சிரிக்கல. அவ எடுத்து மறுபடி குத்தினா, நான் வரைஞ்சேன்.