அடுத்தவருக்கான மன்றாட்டு

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கையில் வழுக்கி விழுந்து கேத்ரினின் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாய்க் கூடியது. மலைக்கு வேலைக்குப் போக முடியாமல், வரிசை வீடுகளான லயத்துக்குள் முடங்கியவள், "ஆண்டவரே, எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கத் தொடங்கினாள். கேட்டதில் தவறில்லை. ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், பதில் வந்திருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த கூட்டாளி ஜெயந்தினி அடிக்கடி வந்து உட்காருவாள். கேத்ரின் தன் கைக்கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். ஜெயந்தினி 'ம்' கொட்டிவிட்டு எழுந்து போவாள். பிறகு வருவதும் நின்றது. "கை நல்லா இருந்தப்பதான் கூட்டாளி" என்று கேத்ரின் அதற்கும் ஒரு பாட்டம் அழுதாள்.

ஒக்டோபரில் மாதா சுரூபம் லயத்தில் வீடு வீடாக வரும். சுரூபம் வந்த வீட்டுக்காரி, கூடியிருப்பவர்களின் குறையைக் கேட்டு மன்றாட வேண்டும். தனக்காக மன்றாடக் கூடாது; அதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தோட்டத்து வழக்கம் அது. தன் முறை வந்தபோது கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேத்ரின் நினைத்தாள். மாதாவை எப்படி வாசலில் நிறுத்துவது?

செபமாலை முடிந்து ஒவ்வொருவராகக் கேட்டு வந்தாள். கடைசியாக வாசலோரம் ஜெயந்தினி நின்றாள்.

"ஒனக்கு என்ன?" கேத்ரினின் குரலில் கோபம் இருந்தது.

"மார்ல கட்டி. திங்கக்கெழம கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பயமா இருக்கு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன், எத்தன தடவ. நீ ஒங் கையப் பத்தியே பேசிக்கிட்டிருந்த. அழுதுகிட்டிருக்கிறவகிட்ட எப்புடி சொல்றது?"

கேத்ரினுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. தன் கண்ணீரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாமல் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அதைவிட, ஜெயந்தினியை நினைக்க நெஞ்சு பதறியது. முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, எங்க ஜெயந்தினிய..." மற்றவர்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முடித்துவைத்தார்கள்.

அடுத்து வீட்டுக்காரிக்கான மன்றாட்டு. ஜெயந்தினிதான் தொடங்கினாள். "ஆண்டவரே, கேத்ரினோட கை..."

"அது கெடக்கட்டும். திங்கக்கெழம மொத பஸ்ஸுதானே? நானும் வாரேன்."

"இந்தக் கைய வச்சுக்கிட்டா? அந்த வளைவுலயெல்லாம் கம்பிய எப்புடிப் புடிப்ப?"

"ஒன்னப் புடிச்சுக்கிறேன்."